வீட்டில் வார்த்த ஈயக் குண்டில் சுருக்கம், பிசிறு, குழி: அரம் போட்டுச் சரி செய்யலாமா?

லாங்கஸ்டர்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், லாங்கஸ்டர் பக்கம். 1700-களில் ஜெர்மன் கொல்லர்கள் நீளக்குழல் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஊர், அதனால் இங்கே பழைய துப்பாக்கிப் பைத்தியம் கொஞ்சம் ஜாஸ்தி. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் போன வருடம் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். சக்கிமுக்கிக் கல் உரசி, பொறி பறந்து, ஒரு கணம் கழித்து டமார் என்று வெடித்து, எதிரே ஒன்றும் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை மண்டியதும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கிட்டிப்பார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டதோடு சரி. அதை நேரில் பார்க்க அமெரிக்கா வர வேண்டியிருந்தது. இப்போது என்னிடமும் அப்படிக் கல் உரசி வெடிக்கிற ஒரு பிளின்ட்லாக் இருக்கிறது, குழல் .50 அங்குலம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இங்கே பிளின்ட்லாக் மான் சீசன் உண்டு, ஆனால் நான் மான் எல்லாம் சுடுவதில்லை, காகிதம் மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். குண்டு கடையில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை என்று .490 அங்குல அளவில் ஒரு அலுமினிய அச்சு வாங்கினேன், ஒரே நேரத்தில் இரண்டு குண்டு விழும் வகை. பழைய கூரைத் தகட்டு ஈயம் கொஞ்சம், டயர் கடையில் கொடுத்த சக்கர எடைகள் (கார் சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் மாட்டுகிற துண்டுகள்) கொஞ்சம், எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு உருக்கினேன். சட்டி கராஜில் இருக்கிறது, மின்சார உலைதான். போன சனிக்கிழமை 80 குண்டு வார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. பாதிக்குமேல் கிழவன் முகம் மாதிரி சுருக்கம். சிலதில் நடுவில் வளையம் போட்டாற்போல மெல்லிய பிசிறு. காம்பு (அச்சின் மேல் தகட்டில், ஊற்றுகிற துளையில் உறைந்து நிற்கிற ஈயம்) வெட்டின இடத்தில் சிலதில் பிய்ந்த குழி, சிலதில் கூம்பு மாதிரி துருத்தல். ஒன்றிரண்டு பளபளப்பே இல்லாமல் மாவு பூசினது போல வெளுத்துக் கிடக்கின்றன. எடை போட்டால் 166 கிரெயினில் (குண்டுக்கு இங்கே சொல்கிற எடை அளவு) இருந்து 178 வரை ஆளுக்கு ஒரு கணக்கு.

பிசிறையும் துருத்தலையும் சின்ன அரத்தால் தேய்த்துப் பார்த்தேன், அப்புறம் உப்புத்தாள். 20 குண்டு அப்படிச் சரி செய்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் 50 கஜத்தில் சுட்டால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. கடைக் குண்டு இதே துப்பாக்கியில் உள்ளங்கைக்குள் விழுந்தது.

கேள்வி இதுதான். இந்தக் குறைகளை வார்த்த பிறகு சரி செய்ய நல்ல வழி என்ன? இன்னும் நைசான அரமா? தோட்டா ஓடு கழுவும் டம்ளர் டிரம்மில் போட்டு உருட்டலாமா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.


கருமருந்து_ஒஹாயோ:

தம்பி, முதலில் அந்த அரத்தைக் கீழே வையுங்கள். நான் 19 வருடமாக வார்க்கிறேன், ஒரு குண்டைக்கூட அரம் போட்டுத் தேய்த்ததில்லை. அதில் ஒன்றும் பெருமை இல்லை, தேவைப்படவே இல்லை என்கிறேன்.

குண்டில் குறை வந்தால் அதைக் குண்டில் சரி செய்யக் கூடாது, சட்டியில் திரும்பப் போட வேண்டும். கருகின தோசையை மறுபடி மாவாக்க முடியாது, ஈயத்தை ஆக்கலாம். இவ்வளவு வசதியான பொருளை வைத்துக்கொண்டு எதற்கு உப்புத்தாள்? நீங்கள் தேய்க்கிற இடத்தில் எடை குறைகிறது, எதிர்ப்பக்கத்தில் குறைவதில்லை. ஒரு பக்கம் கனத்த உருண்டை குழலின் வரிப்பள்ளத்தில் சுழன்று வெளியே போனால் பம்பரம் தள்ளாடுவது போலத்தான் போகும். தட்டு அகலச் சிதறல் அங்கிருந்துதான் வருகிறது. தேய்த்த தூள் எங்கே போயிற்று என்பது வேறு கதை, அதை விவரம் தெரிந்தவர் யாராவது சொல்வார்கள்.

இப்போது குறைகள். சுருக்கம் என்றால் அச்சு சூடாகவில்லை, இல்லையென்றால் அச்சில் எண்ணெய் இருக்கிறது. இரண்டில் ஒன்று, பெரும்பாலும் இரண்டும். புது அச்சு துருப்பிடிக்காமல், கீறாமல் இருக்க எண்ணெய் தடவித்தான் கடைக்கு வரும். பாத்திரம் துலக்கும் சோப்பு, வெந்நீர், பழைய பல்துலக்கி. நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்து, பிறகு அசிட்டோனால் ஒரு துடை. கார் பிரேக் கிளீனர் அடிக்கிறவர்கள் உண்டு, ஆனால் குளோரின் கலந்த வகையை அடித்துவிட்டுச் சூடேற்றினால் பாஸ்ஜீன் என்கிற விஷ வாயு வரும், முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்ட அதே சரக்கு. சோப்பு இரண்டு டாலர்தான், அதுவே போதும்.

சூடு விஷயத்தில் நம் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, தோசைக்கல் தெரியும் அல்லவா? முதல் தோசை எப்போதும் பிய்யும், அதற்காக மாவைக் குறை சொல்ல மாட்டோம். அச்சும் அப்படித்தான். முதல் பத்துப் பன்னிரண்டு குண்டு சுருக்கத்தோடுதான் விழும், பார்க்காமலேயே சட்டியில் போடுங்கள். நான் சட்டி சூடாகும்போதே அச்சை அதன் விளிம்பில் வைத்துவிடுவேன், பிறகு அச்சின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் அரை நிமிடம் முக்குவேன். வெளியே எடுக்கும்போது மூலையில் ஈயம் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் சூடு பற்றாது, ஒட்டாமல் வழுக்கி வந்தால் தயார்.

தோசைக்கல் என்றேனே, ஒரு விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுங்கள். சூடு பார்க்கத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். உருகிய ஈயத்தின் மேலே ஒரு துளி விழுந்தால் துள்ளிக்கொண்டு ஆவியாகிப் போய்விடும், பெரிய ஆபத்து இல்லை. ஈரம் ஈயத்துக்கு அடியில் மாட்டினால்தான் வினை. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், சட்டியில் இருப்பது அப்படியே கூரைக்குப் போகும். ஈரக் கூரைத் தகட்டைப் பாதி நிறைந்த சட்டியில் போட்டு முகத்தைச் சுட்டுக்கொண்டவரை எனக்குத் தெரியும், கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பழைய ஈயத்தைக் காலிச் சட்டியில், குளிராக இருக்கும்போதே போட்டு, மெல்லச் சூடேற்றுங்கள். முழுக்கை சட்டை, தோல் கையுறை, கண்ணாடி, மூடின செருப்பு. கோடையிலும்தான்.

வெளுப்பு என்பது சுருக்கத்துக்கு நேர் எதிர், அச்சு மிதமிஞ்சிச் சூடாகிவிட்டது. அதனால் குண்டு கெடுவதில்லை, அழகுதான் போகிறது. நான் தூக்கிப் போடுவதில்லை, இரண்டு நிமிடம் நிதானித்து வார்ப்பேன், அவ்வளவுதான்.

நடுவில் வளையம் போட்ட பிசிறு என்றால் அச்சின் இரு பாதிகளும் சேரவில்லை. உள்முகத்தில் எங்கோ கடுகளவு ஈயம் ஒட்டியிருக்கும். கத்தியால் சுரண்டாதீர்கள், அலுமினியம் கீறிவிட்டால் அந்தக் கீறல் ஆயுசுக்கும் ஒவ்வொரு குண்டிலும் வரும். அச்சு சூடாக இருக்கும்போது மரக்குச்சியால் தள்ளினால் போய்விடும்.

காம்பு இருக்கிறதே, அது பொறுமையின் விஷயம். மேல் தகட்டில் தேங்கின ஈயம் பளபளப்பில் இருந்து சட்டென்று மங்கும், அப்போதுதான் உறைகிறது. அதன் பிறகு மூன்று நான்கு விநாடி விட்டு வெட்டுங்கள். அவசரப்பட்டால் பிய்ந்து குழி விழும், தகட்டின் அடியில் ஈயம் இழுவிக்கொள்ளும். ரொம்பத் தாமதித்தால் வெட்டவே முடியாமல் சுத்தியல் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஈயம். இதுதான் உங்கள் பெரிய தவறு என்று நினைக்கிறேன். துணி சுற்றிக் கிட்டிக்கிற உருண்டைக் குண்டுக்குச் சுத்தமான, மெத்தென்ற ஈயம் வேண்டும். சக்கர எடையில் ஆன்டிமனி என்கிற உலோகம் கலந்திருக்கிறது, குண்டு கெட்டியாகிவிடும். கட்டைவிரல் நகத்தால் கீறிப் பாருங்கள், சுத்த ஈயம் என்றால் கோடு பளிச்சென்று விழும், சக்கர எடை என்றால் நகம் வழுக்கும். அதைவிட மோசம், இப்போதெல்லாம் டயர் கடை வாளியில் துத்தநாக எடையும் கலந்து வருகிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-இல். சட்டியை 380-ஐத் தாண்ட விடாமல் வைத்தால் துத்தநாகமும் இரும்பும் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். தெரியாமல் ஏற்றிவிட்டால் கரைந்துவிடும், பிறகு அது திரிந்த பால்தான், அச்சின் மூலை முடுக்கு எதிலும் ஓடாது.

.490 சுத்த ஈய உருண்டை 177 கிரெயின் வரும், நம் கணக்கில் கிட்டத்தட்ட பதினொன்றரை கிராம். சக்கர எடையில் வார்த்தால் குறையே இல்லாமல் இருந்தாலும் நாலைந்து கிரெயின் குறைவாகத்தான் காட்டும். ஆக உங்கள் 166-இல் காற்று இருக்கிறதா, ஆன்டிமனி இருக்கிறதா, உப்புத்தாள் தின்றதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். மொத்தத்தையும் உருக்கி, சக்கர எடைக் கலவை என்று எழுதி ஓரமாக வையுங்கள். கூரைத் தகட்டை மட்டும் வைத்துப் புதிதாக ஆரம்பியுங்கள். சுத்த ஈயம் கொஞ்சம் அதிகச் சூடு கேட்கும், 400-இல் இருந்து 425 வரை.


ரசப்பிரியன்:

ஈயம் என்று தலைப்பில் பார்த்ததும் ஈயச்சொம்பு ரசம் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஓடி வந்தேன். வந்ததற்கு ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறேன், ஈயச்சொம்பை உருக்கினால் குண்டு வருமா?


கருமருந்து_ஒஹாயோ:

வராது, வீட்டில் அடிதான் வரும். ஈயச்சொம்பு வெள்ளீயம், குண்டு காரீயம். நம் பேச்சில் இரண்டையும் ஈயம் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் முதலாவதில் ரசம் வைக்கலாம், இரண்டாவது விஷம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று அம்மாக்கள் கத்துகிறார்கள். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் ஈயம் அச்சில் நன்றாக ஓடும் என்பது உண்மைதான், கூம்புக் குண்டு வார்ப்பவர்கள் சேர்ப்பார்கள். உருண்டைக்குத் தேவையில்லை.


பட்டறை_ஓய்வு:

துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தொட்டதுகூட இல்லை. கோவையில் கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் 31 வருடம் இருந்தேன், பம்ப் கேசிங் வார்ப்பு. மகள் வீட்டுக்கு நியூஜெர்சி வந்த இடத்தில் பொழுது போகாமல் இதைப் படிக்கிறேன். படித்தால் நம் பட்டறைக் கதை அப்படியே இருக்கிறது, உலோகமும் அளவும்தான் வேறு.

தம்பி சுருக்கம் என்று சொல்வதை நாங்கள் கோல்ட் ஷட் என்போம். இரண்டு பக்கத்தில் இருந்து ஓடி வரும் உலோகம் சந்திக்கும்போது முகம் உறைந்துபோனால் ஒட்டாமல் கோடாக நின்றுவிடும். ஒஹாயோ நண்பர் சொன்னதோடு இன்னொன்று சேர்க்கிறேன், ஊற்றுகிற வேகம். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் அச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும் கோடு விழும். ஒரே தாரையாக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும்.

எடை குறைவதற்கு வருகிறேன். உலோகம் உறையும்போது சுருங்கும், ஈயமும் அப்படித்தான், நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல். வெளிப்புறம் முதலில் உறையும், உள்ளே இருப்பது கடைசியில் சுருங்கும்போது அதற்கு எங்கிருந்தாவது உலோகம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் உள்ளே பொந்து. பட்டறையில் இதற்காகவே ரைசர் வைப்போம், வார்ப்பின் தலைமாட்டில் கூடுதல் உலோகம் நின்று கடைசிவரை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் அச்சில் மேல் தகட்டில் தேங்குகிறதே, அதுதான் உங்கள் ரைசர். ஈயம் வீணாகிறது என்று கஞ்சத்தனமாக ஒரு சொட்டு விட்டீர்கள் என்றால் குண்டு தன் வயிற்றில் இருந்தே எடுத்துக்கொள்ளும். தாராளமாகத் தேங்க விடுங்கள், வெட்டினது எப்படியும் சட்டிக்குத்தான் திரும்பப் போகிறது. பொந்து காம்புக்கு நேர் கீழேதான் இருக்கும், சந்தேகம் இருந்தால் எடை குறைந்த ஒரு குண்டைக் காம்பு வழியாக இரண்டாக வெட்டிப் பாருங்கள்.

தேய்ப்பது பற்றி. எங்களிடம் பெட்லிங் செக்‌ஷன் என்றே தனி ஆட்கள் உண்டு, பிசிறு தட்டுவது, கிரைண்டர் போடுவது அவர்கள் வேலை. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலைக்கு வார்ப்பு என்பது பாதி வேலைதான், அப்புறம் ஸ்தபதி உளியும் அரமும் வைத்து நாள் கணக்கில் செதுக்குவார். அங்கெல்லாம் தேய்க்கலாம், ஏனென்றால் யாரும் சிலையை ஆகாயத்தில் சுழற்றி விடுவதில்லை. உங்கள் பொருளுக்கு எடையும் உருண்டையும்தான் எல்லாம். எங்கள் சூப்பர்வைசர் ஒருவர், பெட்லிங்கில் குவியல் உயர்ந்தால் மோல்டிங்கில் போய்ப் பார் என்பார். உள்ளே பொந்து விழுந்த கேசிங்கை மேலே எவ்வளவு அழகாகத் தேய்த்தாலும் தண்ணீர் விட்டுப் பிரஷர் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். அதை உடைத்து மறுபடி குப்போலா உலையில் போடுவோம்.

கசடு பற்றி யாரும் சொல்லவில்லையே? உருகினதும் மேலே மிதப்பதை அப்படியே வழித்து எறியாதீர்கள், அதில் நல்ல உலோகமும் போகும். முதலில் ஏதாவது கரிப்பொருள் போட்டுக் கிளற வேண்டும்.


கருமருந்து_ஒஹாயோ:

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு, ரைசர் விஷயத்தை நான் எழுத மறந்தேவிட்டேன். கிளறுவதற்கு நான் போடுவது காய்ந்த மரத்தூள், ஒரு கைப்பிடி. கருகிப் புகையும், தீக்குச்சி காட்டிப் புகையை எரியவிட்டு, மரக்கரண்டியால் அடிவரை கிளறி, சாம்பலை மட்டும் வழித்துவிடுவேன். தேன்மெழுகும் போடுவார்கள், வாசனை நன்றாக இருக்கும். அச்சின் உள்ளே தீக்குச்சிப் புகையைக் காட்டிக் கரி படிய விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அப்படிச் செய்பவர்கள் உண்டு, நான் செய்வதில்லை, ஏற்கெனவே இருக்கிற அளவில் இன்னொரு பூச்சு எதற்கு?

டம்ளர் டிரம் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். குண்டுகளை அதில் போட்டு உருட்டினால் காம்புத் தழும்பு அமுங்கும் என்பது உண்மை, செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே உண்டாகிற சாம்பல் நிறப் பொடி முழுக்க ஈயம், மூடியைத் திறக்கும்போது அதைத்தான் சுவாசிப்பீர்கள். என்னுடைய வழி எளிது, காம்புத் தழும்பை அப்படியே விட்டுவிட்டு, கிட்டிக்கும்போது அது மேல்பக்கமாக, குழலின் நடுவில் வருமாறு வைப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைத்தால் போதும். துருத்தல் கையில் இடறினால் மட்டும் குண்டை இரண்டு தட்டையான எஃகுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, சாறு பிழிவதற்கு முன் எலுமிச்சம்பழத்தை உருட்டுவோமே, அப்படி நாலு உருட்டு. பொருள் குறையாது, அமுங்குவதோடு சரி.

பிலடெல்பியாவில் 1808-இல் கட்டின ஸ்பார்க்ஸ் கோபுரம் இன்னும் நிற்கிறது, உங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். 142 அடி உயரத்தில் இருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாகக் கீழே தண்ணீரில் விட்டு அந்தக் காலத்தில் சின்ன ரவை செய்தார்கள். விழும்போதே உருண்டையாகிவிடும், அச்சும் இல்லை, காம்பும் இல்லை, பிசிறும் இல்லை. நம் அளவுக் குண்டுக்கு அது சரிப்படாது, பெரிய சொட்டு விழும் நேரத்தில் உறையாது. அதனால் நமக்கு அச்சுதான் விதி.


இரவுப்பணி_செவிலி:

நான் சுடுகிற ஆள் இல்லை, என் கணவர் சுடுகிறவர், வார்க்கிறவர். மருத்துவமனையில் வேலை பார்ப்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதுசு அண்ணா, உப்புத்தாள் போட்ட அந்த இடத்தை முதலில் கவனியுங்கள். உருகிய ஈயத்தின் ஆவியை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். ஈயம் கொதிப்பது 1,700 டிகிரிக்கு மேல், உங்கள் 400 டிகிரிச் சட்டியில் இருந்து வருவது சொற்பம், காற்றோட்டம் இருந்தால் சமாளிக்கலாம். உண்மையான ஆபத்து தூள். அரத்தூள், உப்புத்தாள் தூள், வழித்துப் போட்ட கசடின் மேல் இருக்கிற மஞ்சள் சாம்பல் பொடி. கையில் ஒட்டும், கையில் இருந்து வாய்க்குப் போகும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும், கம்பளத்தில் படியும், அங்கே யார் தவழ்கிறார்களோ அவர்களுக்குப் போகும். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கச் சொல்கிறது, 2021-இல் இருந்து அதுதான் வரம்பு. அது எவ்வளவு சொற்பமான அளவு என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைத்தான் பாதிக்கிறது, வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீட்டு வேக்யூமும் போடாதீர்கள், இரண்டும் தூளைக் காற்றில் கிளப்பிவிடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தனியாக வையுங்கள், உங்கள் கவுண்டியில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடலாம். வார்க்கும் சட்டை தனி, செருப்பு தனி. வார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் காபி டம்ளரைத் தொட வேண்டும். எங்கள் வீட்டில் அவர் கராஜில் இருந்து நேரே குளியலறைக்குத்தான் போவார், நடுவில் பிள்ளைகளைத் தொடக் கூடாது என்பது என் சட்டம். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கிறோம், சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.


நிர்வாகி:

ஒரு சின்னக் குறிப்பு. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்க்கக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. இந்தியாவில் கதையே வேறு, 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. ஊரில் இருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும். கலிபோர்னியா நண்பர்கள் கவனத்துக்கு, அங்கே 2019 ஜூலையில் இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.


லாங்கஸ்டர்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா எழுதினதைப் படித்ததும் எழுந்து போய் கராஜைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன். மகளின் சைக்கிள் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இப்போது சைக்கிள் வராந்தாவுக்குப் போய்விட்டது, அடுத்த வாரம் எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை. அரத்தை மனைவி எங்கோ வைத்துவிட்டாள், நானும் கேட்கவில்லை. ஈயச்சொம்பு பத்திரமாக இருக்கிறது.

நேற்று மறுபடி வார்த்தேன், கராஜ் கதவைத் திறந்து வைத்து, வாசலை ஒட்டி. அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தண்ணீரின் மேல் எண்ணெய் வண்ணம் வண்ணமாக மிதந்தது, பார்க்கவே வெட்கமாக இருந்தது. கூரைத் தகடு மட்டும், நகத்தால் கீறிப் பார்த்துத்தான் போட்டேன். முதல் 14 குண்டு அப்படியே சட்டிக்கு. அப்புறம் விழுந்தது எல்லாம் பாதரசச் சொட்டு மாதிரி. பட்டறை ஐயா சொன்னபடி தகட்டில் தாராளமாகத் தேங்கவிட்டேன். 60 குண்டில் 49 குண்டு 176-க்கும் 177-க்கும் நடுவில். பழைய 166 கிரெயின் குண்டு ஒன்றை வெட்டியும் பார்த்தேன், காம்புக்குக் கீழே கடுகு போட்டால் உள்ளே போகும் அளவுக்குப் பொந்து.

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு 1776 கதை ஒன்று சொன்னார். நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் இழுத்துத் தள்ளி, அந்த ஈயத்தைக் கனெக்டிகட்டில் லிச்ஃபீல்டுக்குக் கொண்டுபோய் 42,088 குண்டு வார்த்தார்களாம். வார்த்ததில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். எனக்கு உடனே தோன்றியது, அந்தக் கணக்கில் முதல் தோசைகளைச் சேர்த்தார்களா இல்லையா என்பதுதான்.

மிச்சம் 11 குண்டில்தான் இப்போது சந்தேகம். அவற்றில் லேசான சுருக்கம், அதுவும் ஒரே பக்கம். அச்சு சூடாகத்தான் இருந்தது. என்னவாக இருக்கும்?


கருமருந்து_ஒஹாயோ:

49 தேறியது பெரிய விஷயம், என் முதல் வருடத்தில் அது நடக்கவில்லை. அந்த 11-உம் ஒரே குழியில் இருந்து விழுந்தவையா என்று பாருங்கள். இரண்டு குழி அச்சில் எதை முதலில் நிரப்புகிறீர்கள்? இதுவரை கைப்பிடிப் பக்கக் குழியை முதலில் நிரப்பினீர்கள் என்றால், அடுத்த முறை பத்துத் தடவை மற்றதை முதலில் நிரப்புங்கள். குறை இடம் மாறினால் சூட்டிலோ ஊற்றுகிற முறையிலோ கோளாறு. எப்படி ஊற்றினாலும் அதே குழியில் வந்தால் அந்தக் குழியில்தான் ஏதோ இருக்கிறது. அச்சின் முகத்தில் மெல்லிய கோடுகள் இருக்கின்றன அல்லவா, காற்று வெளியேறும் வழி அவை. ஒன்று அடைத்தாலும் காற்று உள்ளேயே நிற்கும், ஈயம் அங்கே போகாது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.


லாங்கஸ்டர்_புதுசு:

மாற்றி ஊற்றிப் பார்த்தேன், குறை அதே குழியிலேயே நின்றது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காற்றுக் கோட்டில் கருகின பஞ்சு நூல் ஒன்று. அசிட்டோன் தடவக் காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்திருந்தேன், அதில் இருந்து வந்தது. பல்குத்தும் குச்சியால் தள்ளினேன், வந்துவிட்டது. அடுத்த 20 குண்டில் ஒன்றுகூடச் சட்டிக்குத் திரும்பவில்லை.